முன்பாரமும் பின்பாரமும்: பாதையற்ற நிலத்திற் பாரம் ஏற்றும் முறை

மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றுவதை நின்று பார்த்தவர் நம்முள் மூத்தோர் பலர். முதல் மூட்டை அச்சிற்கு நேர்மேலே இடப்படும். அடுத்தவை அதன் முன்னும் பின்னுமாக அடுக்கப்படும். பாதி ஏற்றியபின் வண்டிக்காரர் ஏர்க்காலைக் கையால் உயர்த்திப் பார்ப்பார். அது கையில் மிகக் கனத்தால் 'முன்பாரம்' என்பார். கைக்கு அடங்காது மேலெழுந்தால் 'பின்பாரம்' என்பார். ஏதேனும் ஒரு மூட்டையை ஒரு சாண் அளவு நகர்த்திச் சரிபார்த்த பின்னரே மாடுகளைப் பூட்டுவார். பௌதிகவியல் நூல்கள் திருப்பம் என்றும் புவியீர்ப்பு மையம் என்றும் கூறும் கருத்துக்களை அவர் பள்ளியிற் கற்றவரல்லர். எனினும் அவற்றைத் தம் கையாலே அறிந்திருந்தார்.

இன்று மாட்டுவண்டி அருகிவிட்டது. உழவியந்திரமும் அதன் பெட்டியும், நான்கு சில்லுகளும் இயங்கும் ஜீப்பும், 'கப்' எனப்படும் திறந்த பின்தட்டு வாகனமும் அதன் இடத்தைப் பெற்றுள்ளன. இயந்திரத்தின் வலிமை பெருகியதனால் பாரத்தை எங்கே வைத்தாலும் வாகனம் இழுத்துச் செல்லும் என்னும் எண்ணமும் உடன் பெருகியது. இவ்வெண்ணம் தவறானது. எவ்வளவு பாரம் என்னும் வினாவைப் போலவே, எவ்விடத்துப் பாரம் என்னும் வினாவும் உயிரைக் காப்பதாகவோ போக்குவதாகவோ அமையும். தார்வீதியில் மறைந்து கிடக்கும் இவ்வுண்மை, வீதியை விட்டிறங்கிய கணமே வெளிப்படுகின்றது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாடு பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லாலாய சமநிலம். மலையில்லாத நாட்டில் வாகனம் கவிழ்வது எங்ஙனம் என ஒருவர் வினவலாம். வடமராட்சி கிழக்கில் மணற்காடு தொடங்கிக் கடற்கரை வழியே தெற்கு நோக்கிச் செல்பவர்க்கு அவ்வையம் தோன்றாது. அங்கே மணல்மேடுகளும், மணற்புதையலான தடங்களும், கடல்நீரேரிக் கரைச் சேறும் உள. 1938 ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2015 இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்ட சுண்டிக்குளத்தைச் சூழ்ந்த நிலமும் இத்தகையதே. ஊர்களின் உள்ளேயும், ஓரம் இடிந்த ஒழுங்கைகளும் வயல் வரம்புகளும் குளக்கட்டுகளும் வாகனத்தை ஒருபுறம் சாய்க்க வல்லன. மாரி காலத்தில் இவை யாவும் ஈரமடைந்து இளகிவிடும். மலையில்லாமையால் விழிப்பும் இல்லாதுபோவதே நமக்குரிய இடர் எனலாம்.

முதலில் மாட்டுவண்டியையே நோக்குவோம். அதற்கு அச்சு ஒன்றே. அச்சைத் தராசின் முள்ளாகவும், வண்டியின் முன்பின் பகுதிகளைத் தராசின் இரு கைகளாகவும் கருதலாம். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். அவை இழுப்பதற்குச் செலவிடவேண்டிய வலிமையைச் சுமப்பதற்கே செலவிடும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலெழும். நுகத்தைப் பிணைத்த கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். எனவே, நுகம் சிறிதளவே கழுத்திற் பொருந்தியிருக்குமாறு பாரம் ஓரளவு முன்னோக்கி அமைதல் வேண்டும். ஓட்டுபவர் தாமும் ஒரு நிறையாகி, முன்பாரமாயிற் பின்னே நகர்ந்தும், பின்பாரமாயின் முன்னே வந்தும் அமர்வது இக்கணக்கின் கடைசித் திருத்தமாகும்.

நான்கு சில்லு வாகனத்திற்கு அச்சு இரண்டு. ஆதலால் அது மாட்டுவண்டி போல உடனே தலைதூக்காது. தன் துன்பத்தை மறைத்துக்கொள்ளும். கணக்கு அதனை வெளிப்படுத்தும். முன்னச்சிற்கும் பின்னச்சிற்கும் இடைப்பட்ட தூரம் 2.8 மீற்றர் எனக் கொள்வோம். பின்னச்சிற்கு 1 மீற்றர் பின்னால், வாகனத்தின் வாற்புறத்தில் 200 கிலோகிராம் பாரத்தை ஏற்றினால், பின்னச்சு 200 கிலோகிராமை மட்டும் தாங்குவதில்லை; ஏறத்தாழ 271 கிலோகிராமைத் தாங்குகின்றது. மிகுதியான 71 கிலோகிராமும் முன்னச்சிலிருந்து பறிக்கப்பட்டதாகும். அதே பாரத்தைப் பின்னச்சிற்கு 40 சதமமீற்றர் முன்னால், இருக்கைகளின் முதுகோடு ஒட்டி வைத்தால், பின்னச்சிற் சேர்வது 171 கிலோகிராம் மட்டுமே. எஞ்சிய 29 கிலோகிராம் முன்னச்சிற் சேரும். பாரம் ஒன்றே, இடம் ஒன்றரை மீற்றருக்கும் குறைவாகவே மாறியது. பின்னச்சின் சுமையில் 100 கிலோகிராம் வேறுபாடு உண்டாயிற்று.

இவ்வேறுபாட்டின் விளைவு மணலிலே தெரியும். முன்சில்லுகள் இலேசானால் அவை நிலத்தைப் பற்றமாட்டா. ஓட்டுபவர் திருப்பியும் வாகனம் நேரே செல்லும். பின்சில்லுகளோ மிகை நிறையால் மணலைத் தோண்டிக்கொண்டு கீழிறங்கும். நான்கு சில்லுகளும் இயங்கும் வாகனத்தை விலைகொடுத்து வாங்கியவர், பாரத்தை வாற்புறத்தில் ஏற்றியதனால் அதனை இருசில்லு வாகனத்தின் நிலைக்குத் தாழ்த்திவிடுகின்றார். யாழ்ப்பாணத்து மக்கள் அன்புடன் நினைவுகூரும் தட்டிவான்களில், பின்புறத்துத் தட்டியிலும் கூரையிலும் சந்தை மூட்டைகள் ஏற்றப்பட்டன. சமதளமான வீதியில் மெதுவாக ஓடியதனாலேயே அம்முறை ஒருவாறு பொருந்தியது. அதனைக் கண்டு பழகிய நாம் அதே முறையை மணற்றடத்திற்குக் கொண்டுசெல்லுதல் ஆகாது.

மணலில் வாகனம் ஓட்டுவதை ஓர் ஆராய்ச்சியாகவே கொண்டவர் றால்ப் பக்னோல்ட் என்னும் ஆங்கிலப் படைப் பொறியியலாளர். அவர் 1920 களிலும் 1930 களிலும் எகிப்தின் மேற்கேயுள்ள பெரும்பாலையிற் சிறு மோட்டார் வண்டிகளைக் கொண்டு பயணஞ் செய்தார். அவ்வனுபவத்தின் பயனாக 1940 ஆம் ஆண்டில் நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவு ஒன்றை நிறுவினார். அடுத்த ஆண்டில், காற்றாற் பறக்கும் மணலின் பௌதிகத்தைப் பற்றிய நூலொன்றையும் வெளியிட்டார். அப்படைப்பிரிவினர் ஷெவர்லே லொறிகளிலே பெற்றோலும் நீரும் உணவும் ஏற்றி, வாரக்கணக்காக வீதியே இல்லாத நிலத்தில் உலவினர். அவர்களிடம் கற்கவேண்டியவை இரண்டு. முதலாவது, மணலிற் புகுமுன் ரயர்களின் காற்றைக் குறைத்தல். சதுர அங்குலத்திற்கு 30 இறாத்தல் அளவிலுள்ள அமுக்கத்தை 18 அளவிற்குக் குறைத்தால் ரயர் விரிந்து நிலத்தைத் தொடும் பரப்பு பெருகும். நிலத்தின்மீது பதியும் அமுக்கம் குறையும். ஆயின் பாரம் ஏற்றிய அச்சிற்குரிய ரயரைக் கூடுதலாகத் தளர்த்தினால் அதன் பக்கம் நைந்துபோகும். தார்வீதிக்கு மீண்டதும் காற்றை நிரப்பவும் வேண்டும். இரண்டாவது, புதைந்த சில்லின் கீழ் இடுதற்குரிய இரும்புத் தகடுகளை அவர்கள் மூட்டைகளின் அடியில் வையாது, எளிதில் எடுக்கத்தக்க இடத்தில் வைத்தனர். மண்வெட்டியும் பலகையும் பாரமானவை என்பதற்காகப் பெட்டிகளுக்கு அடியில் அவற்றைப் புதைத்துவிட்டால், தேவைப்படும் பொழுதில் முழுப்பாரத்தையும் சேற்றிலே இறக்கவேண்டி நேரும்.

இதுவரை முன்னும் பின்னும் பற்றிக் கூறினோம். இனி உயரத்தைப் பற்றிக் கூறுவோம். உயிருக்கு நேரும் இடர் பெரும்பாலும் இதனாலேயே வருகின்றது. ஒரு வாகனத்தின் இடப்புற வலப்புறச் சில்லுகளுக்கு இடைப்பட்ட அகலம் 150 சதமமீற்றர், நிறை 2,000 கிலோகிராம், அதன் புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 70 சதமமீற்றர் உயரம் எனக் கொள்வோம். அது ஒருபுறம் சாயும்போது, புவியீர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் நிலைக்குத்துக் கோடு கீழ்ப்புறச் சில்லைக் கடக்குமாயின் வாகனம் கவிழும். கணக்கிட்டால் இது ஏறத்தாழ 47 பாகைச் சாய்வில் நிகழும். 200 கிலோகிராம் பாரத்தை உள்ளே தளத்தில், நிலத்திலிருந்து 80 சதமமீற்றர் உயரத்தில் அமையுமாறு வைத்தால், பொது மையம் 71 சதமமீற்றராக உயரும். கவிழ்வதற்குரிய சாய்வு ஏறக்குறைய மாறாது நிற்கும். அதே பாரத்தை 200 சதமமீற்றர் உயரமுள்ள கூரையில் ஏற்றினாலோ பொது மையம் 82 சதமமீற்றராக உயரும். கவிழும் சாய்வு 42 அல்லது 43 பாகையாகக் குறையும்.

ஐந்து பாகை குறைந்தால் என்ன என்று எண்ணுதல் வேண்டா. இக்கணக்கு, அசையாது நிற்கும் விறைப்பான பெட்டிக்கே உரியது. ஓடும் வாகனத்தில் கீழ்ப்புற வில்கள் அமுங்கும். கீழ்ப்புற ரயர் மணலிற் புதையும். மேற்புறச் சில்லு ஒரு கல்லின்மீதோ வேரின்மீதோ ஏறும். ஓட்டுபவர் திடீரெனத் திருப்புவார். இவை ஒவ்வொன்றும் சில பாகைகளை விழுங்கிவிடும். உலர்ந்த மணல் சரியாது தங்கிநிற்கக்கூடிய சாய்வு ஏறத்தாழ 34 பாகை என்பதையும் நினைத்தால், மணற்சரிவிற் குறுக்கே செல்லும் வாகனத்திற்கும் கவிழ்தலுக்கும் இடையே எஞ்சியிருப்பது எவ்வளவு என்பது விளங்கும். அன்றியும், கடற்கரை மணல்மேடுகள் கடற்பெருக்கிற்கு ஓரளவு தடையாக நிற்பவை. அவற்றின்மேல் ஓட்டாமல், அவற்றைச் சுற்றிச் செல்லும் தடத்திற் செல்வதே வாகனத்திற்கும் நிலத்திற்கும் நன்று.

கடலோடிகளுக்கு இவ்வுண்மை புதிதன்று. வல்வெட்டித்துறை மாலுமிகள் அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலைச் செலுத்திச் சென்று 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர் என்பது நம் வரலாற்றிற் பெருமைக்குரிய செய்தி. பாய்மரத்தின் உயரத்தைத் தாங்குவது கப்பலின் அடித்தளத்திலுள்ள நிறையே. சரக்கில்லாத போதும் கல்லையோ மணலையோ அடித்தளத்தில் இட்டே பாய்க்கப்பல்கள் செல்வது மரபு. கடலில் எவரும் கல்லைப் பாய்மரத்தின் உச்சியிற் கட்டார். தரையில் மட்டும் நாம் நீர்ப்பீப்பாயைக் கூரையில் ஏற்றுகின்றோம்.

கூரை எதற்கும் உதவாதது எனக் கூறுதல் நம் கருத்தன்று. பருமன் மிக்கதாய் நிறை குறைந்ததாய் உள்ளவை கூரைக்குரியவை: படுக்கை விரிப்புகள், கூடாரத் துணி, வெறும் கலன்கள், பாய்கள் என்பன. எரிபொருட் கலன், மின்கலம், ஆயுதப் பெட்டி, அரிசி மூட்டை, மாற்றுச் சில்லு என்பன கீழே இருத்தற்குரியவை. வாகனத்தைச் செய்தவர் கூரை தாங்கும் அளவைக் கைந்நூலிற் குறிப்பிடுவர். பல வாகனங்களில் அது 100 கிலோகிராம் அளவிலோ அதனினும் குறைவாகவோ இருக்கும். கூரையிற் பொருத்திய இரும்புச் சட்டத்தின் நிறையும் அதனுள் அடங்கும். அவ்வளவும் நல்ல வீதிக்கு உரியது. குண்டும் குழியுமான தடத்தில் அதனினும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இடம் வலம் என்னும் சமநிலையையும் மறத்தலாகாது. நம் நாட்டில் ஓட்டுபவர் வலப்புறத்தில் அமர்கின்றார். அவர் தனியே செல்லும்போது பாரமான பெட்டியும் வலப்புறத்தில் இருப்பின், வாகனம் வீதியின் வளைவில் உணர்த்தாத சாய்வைச் சேற்றிலே உணர்த்தும். எனவே அத்தகைய பெட்டியை இடப்புறத்தில் வைத்தல் முறை.

நீர் ஏற்றுவதற்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். ஆகவே 200 லீற்றர்ப் பீப்பாய் ஒன்று மூன்று ஆட்களின் நிறைக்குச் சமம். குடிநீர் உவர்ப்பாகும் ஊர்களுக்கு நீர் கொண்டுசெல்வது குடாநாட்டில் அன்றாடக் காரியமாதலால் இதனை யாவரும் அறிதல் நன்று. நிறைந்த தாங்கியில் நீர் அசைய இடமில்லை. வெறுந் தாங்கியில் அசைய நீரில்லை. பாதி நிறைந்த தாங்கியே மிக்க இடரானது. வாகனம் சாயும்போது நீர் சாய்ந்த புறத்திற்கே ஓடி, அச்சாய்வை மேலும் வளர்க்கும். சடுதியாக நிறுத்தும்போது முன்னோக்கிப் பாய்ந்து வாகனத்தைத் தள்ளும். பெருந் தாங்கிகளினுள் தடுப்புத் தகடுகள் இடப்படுவது இதன் பொருட்டே. தடுப்பில்லாத பெருந் தாங்கி ஒன்றிற்குப் பதிலாக, மூடியிட்ட 20 லீற்றர்க் கலன்கள் பலவற்றைத் தளத்தில் நெருக்கி அடுக்குதல் பாதுகாப்பானது. அவை பீப்பாயைவிடத் தாழ்வாக அமையும். ஒவ்வொன்றாக நீர் தீர்ந்தாலும் எஞ்சியவை நிறைந்தபடியே இருக்கும்.

இடத்தில் வைத்த பாரம் அவ்விடத்திலேயே இருத்தலும் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் எதிலேனும் மோதி நின்றால், கட்டப்படாத பெட்டி சடத்துவத்தினால் அதே வேகத்தில் முன்னே செல்லும். அது 10 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பெட்டிக்கு ஒப்பான இயக்கசத்தியைக் கொண்டது. முன்னிருக்கையில் இருப்பவரின் பிடரியே அது சென்று விழும் இடமாகலாம். ஆதலின் கனமான பெட்டியைப் பின்னிருக்கையின் முதுகோடு நெருக்கி வைத்து, தளத்திலுள்ள இரும்பு வளையங்களிற் பட்டியாற் பிணைத்தல் வேண்டும். தேங்காய்நார்க் கயிறு ஈரத்திலும் அதிர்விலும் தளரும்; சிறிது தூரம் ஓடியபின் நிறுத்தி மீண்டும் இறுக்குதல் நல்ல பழக்கம்.

உழவியந்திரத்தின் பெட்டிக்கும் மாட்டுவண்டியின் விதியே பொருந்தும். ஓரச்சுப் பெட்டியில் மொத்த நிறையின் பத்திலொரு பங்களவு கொளுவியின்மேற் பொருந்துமாறு பாரத்தைச் சற்று முன்னோக்கி அடுக்க வேண்டும். பின்பாரமானால் கொளுவி மேலெழ முயலும். இயந்திரத்தின் சில்லுகள் நிலத்தின் பிடியை இழக்கும். 'லான்ட்மாஸ்ரர்' என நாம் அழைக்கும் இருசில்லு இயந்திரத்தில் இவ்வூறு இன்னும் பெரிது. அதன் சில்லுகள் இரண்டே, நிறையும் சிறிதே. ஏற்றிய வைக்கோலின்மீதும் விறகின்மீதும் ஆட்கள் அமர்ந்து செல்வது நம் ஊர்களிற் காணும் காட்சி. அங்கே அமர்ந்தவர் தம் உயிரை இடருக்குள்ளாக்குவது மட்டுமன்று. உயரத்தில் ஒரு நிறையாகி, பெட்டி கவிழ்வதற்கும் துணைபுரிகின்றார்.

இவ்வளவும் கூறியபின், 'எவ்வளவு' என்னும் பழைய வினாவிற்கும் விடை கூறுதல் கடன். மயிற்பீலி போன்ற மெல்லிய பொருளே ஆயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதைத் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் எடுத்துக்காட்டியுள்ளார். வாகனத்தின் மொத்த நிறைக்கும் ஒவ்வோர் அச்சின் சுமைக்கும் தனித்தனி எல்லை உண்டு. மொத்த நிறை எல்லைக்குள் அடங்கியிருப்பினும், முன்னர்க் கண்ட கணக்கின்படி வாற்புறப் பாரத்தினால் பின்னச்சு மட்டும் தன் எல்லையைக் கடத்தல் கூடும். எனவே இடத்தைப் பற்றிய அறிவு அளவைப் பற்றிய அறிவின் ஒரு பகுதியேயாகும்.

1990 களின் தொடக்கத்தில், போரினால் ஆனையிறவுப் பாதை அடைபட்டிருந்தபோது, நம் மக்கள் ஊரியான், கொம்படி வழியாக நீரையும் சேற்றையும் கடந்தனர். பின்னர்க் கிளாலிக் கடல்நீரேரியைப் படகிலே கடந்தனர். அந்நாட்களில் துவிச்சக்கர வண்டியே பலருக்குப் பாரவண்டி. பின்தட்டில் உயர்த்திக் கட்டிய மூட்டை முன்சில்லைத் தூக்கும் என்பதையும், இருபுறமும் தாழ்த்திப் பிரித்துக் கட்டிய மூட்டை சேற்றிலும் தள்ளுவதற்கு இசையும் என்பதையும் உடல்வருத்தமே கற்பிக்கும். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்னும் பழமொழி அங்கே கண்முன் நிகழ்ந்தது.

இனி, கூறியவற்றைத் தொகுத்து ஏற்றும் முறையாக வகுப்போம். முதலிற் கனமானவற்றைத் தளத்தில், இரண்டு அச்சுகளுக்கும் இடையில், இருக்கையின் முதுகோடு ஒட்டி வைக்க. நடுத்தர நிறையுள்ளவற்றை அவற்றின் பின்னும் மேலும் வைக்க. மெல்லியவற்றை மட்டும் கூரைக்கு ஏற்றுக. இடமும் வலமும் ஒப்ப நிற்கின்றனவா எனப் பின்னே நின்று நோக்குக. மண்வெட்டி, பலகை, காற்றடிக்கும் கருவி, முதலுதவிப் பெட்டி என்பன எதனையும் இறக்காது எடுக்கத்தக்கனவா எனப் பார்க்க. யாவற்றையும் பிணைத்த பின்னரே புறப்படுக. கல்லூரி மாணவர் முகாமிற்குச் செல்லும்போதும் இம்முறையைக் கையாளுதல் தகும்.

2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரையைத் தாக்கியது. அத்தகைய நாளில், வீதி அழிந்த கரையிலே நீருக்கும் மருந்துக்கும் மக்கள் காத்திருப்பர். மணலிற் புதைந்த வாகனமும் கவிழ்ந்த வாகனமும் அவர்களுக்கு வாராத வாகனமே. கொண்டுசெல்லும் பாரம் நம்முடையதன்று; காத்திருப்பவருடையது. அதனை உரிய இடத்தில் வைப்பதற்குச் செலவிடும் அரைமணி நேரம் வீண்பொழுதன்று. ஏர்க்காலைக் கையால் உயர்த்திப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட அவ்வண்டிக்காரரின் பொறுமையை, இயந்திரத்தின் காலத்திலும் நாம் இழவாதிருப்போமாக.